ஆங்கில இலக்கியத்தோடு மற்ற ஹியூமானிட்டிஸ் துறைகளையும் சேர்த்துப் படிப்பது: சேரலாமா, எப்படிப் படிப்பது?

கேள்வி இதுதான். ஆங்கில இலக்கியத்தோடு வரலாறு, தத்துவம், சினிமா, சூழலியல் என்று பல துறைகளைச் சேர்த்து நடத்தும் பட்டப்படிப்பில் உங்களுக்கு இடம் கிடைத்திருக்கிறது. கதை படிக்க ஒரு பட்டமா என்று வீட்டில் கேட்கிறார்கள். எல்லாவற்றையும் நுனிப்புல் மேய்ந்துவிட்டு எதிலும் ஆழமில்லாமல் வெளியே வந்துவிடுவோமோ என்று உங்களுக்கே பயமாக இருக்கிறது. எப்படிப் படிப்பது, பிறகு என்ன வேலைக்குப் போவது என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

சேரலாம் என்பதுதான் என் பதில். இந்தத் துறையில் பல வருடங்களாகப் பாடம் நடத்துகிறேன், மாணவர்களின் ஆய்வேடுகளை வரிவரியாகப் படித்துத் திருத்துகிறேன். உங்கள் பயமும் நியாயமானதுதான். இந்தப் படிப்பில் நன்றாக வருபவர்களுக்கும் தடுமாறுபவர்களுக்கும் நடுவே புத்திசாலித்தனத்தில் பெரிய வித்தியாசம் இருப்பதில்லை. நன்றாக வருபவர்களுக்கு ஒரு வேலை உருப்படியாகத் தெரிந்திருக்கும்: ஒரு பக்கத்தை எடுத்து, அது என்ன சொல்கிறது, அதை எப்படிச் சொல்கிறது என்று நிதானமாகப் படித்துச் சொல்லத் தெரியும். அப்படிப் படிக்கும்போது இலக்கியத்தால் மட்டும் விளக்க முடியாத ஏதோ ஒன்று இடறும். அப்போதுதான் அவர்கள் சட்டத்துக்கோ அறிவியல் வரலாற்றுக்கோ போவார்கள். மற்றவர்கள் சிலபஸில் இருக்கிறது என்பதற்காகப் போவார்கள். வித்தியாசம் அங்கேதான் தொடங்குகிறது.

இதைப் பொதுவாகச் சொன்னால் பிடிபடாது. மேரி ஷெல்லியின் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ நாவலை எடுத்துக்கொள்வோம். 1818-இல் எழுதியவர் பெயரே இல்லாமல் வெளிவந்தது. விக்டர் ஃபிராங்கன்ஸ்டைன் என்ற மாணவன் பிணங்களின் உறுப்புகளைச் சேர்த்து ஓர் உயிரை உண்டாக்குகிறான், உண்டாக்கிய கையோடு பயந்து ஓடிவிடுகிறான். அந்த உயிர் வரும் பக்கத்தை மட்டும் பாருங்கள்.

நவம்பர் மாத இரவு. ஜன்னலில் மழை அடிக்கிறது, மெழுகுவர்த்தி எரிந்து முடியும் நிலையில் இருக்கிறது. காலடியில் கிடப்பதை விக்டர் முதலில் உயிரற்ற ‘பொருள்’ என்கிறான். மங்கிய மஞ்சள் கண் திறந்ததும் அது ‘படைப்பு’ ஆகிறது. அடுத்த சில வரிகளிலேயே அதை ‘இழிபிறவி’ என்கிறான். அதே அத்தியாயத்தில் இன்னும் கொஞ்சம் தள்ளி ‘அரக்கன்’ என்றே சொல்லிவிடுகிறான். இத்தனைக்கும் அது இதுவரை யாருக்கும் ஒரு தீங்கும் செய்யவில்லை. கண்ணைத் திறந்தது, மூச்சு விட்டது, அவ்வளவுதான். நாவல் முடியும் வரை அதற்கு ஒரு பெயர்கூடக் கிடைப்பதில்லை. குற்றம் நடப்பதற்கு முன்பே தீர்ப்பு வந்துவிட்டது. நடந்ததை நமக்குச் சொல்பவனே தீர்ப்பு சொன்னவனாகவும் இருக்கிறான். இவ்வளவையும் கண்டுபிடிக்க எந்தப் பிற துறையும் தேவையில்லை. கண்ணும் பொறுமையும் போதும். இதைத்தான் வகுப்பில் க்ளோஸ் ரீடிங் என்போம்.

இப்போது இடறும் இடத்துக்கு வருவோம். உடல் பாகங்கள் எங்கிருந்து கிடைத்தன? பிரேதப் பரிசோதனை அறையிலிருந்தும் இறைச்சிக் கூடத்திலிருந்தும் என்று விக்டரே சொல்கிறான். அந்த அறைக்கு உடல்கள் எப்படி வரும்? இந்தக் கேள்விக்கு நாவலுக்குள் பதில் இல்லை, சட்ட வரலாற்றில் இருக்கிறது. இங்கிலாந்தில் 1752-இல் நடைமுறைக்கு வந்த ஒரு சட்டப்படி, கொலைக் குற்றத்துக்காகத் தூக்கிலிடப்பட்டவர்களின் உடலை நேராகப் புதைக்க முடியாது. அறுவை மருத்துவர்கள் அறுத்துப் படிக்கக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் சங்கிலியில் கட்டிப் பொது இடத்தில் தொங்கவிட வேண்டும். அதாவது உடலை அறுப்பது மரணத்துக்கு மேல் கூடுதலாக ஒரு தண்டனை. அன்றைய இங்கிலாந்து வாசகருக்குப் பரிசோதனை அறை என்றதும் கொலைகாரனின் உடலோ, கல்லறையிலிருந்து திருடி வந்த உடலோதான் நினைவுக்கு வந்திருக்கும். இப்போது திரும்பிப் போய் அந்த ‘அரக்கன்’ என்ற சொல்லைப் படியுங்கள். குற்றம் அந்த உடலில் முன்கூட்டியே தைக்கப்பட்டிருக்கிறது என்று ஒரு வாதத்தை இப்போது வைக்க முடியும். சட்டம் தெரியாமல் இந்த வாதம் கிடைத்திருக்காது. ‘பொருள், படைப்பு, இழிபிறவி, அரக்கன்’ என்ற வரிசையைக் கவனிக்காமல் இருந்திருந்தால் சட்டத்தைத் தேடிப் போகவும் தோன்றியிருக்காது.

இங்கே கவனமும் வேண்டும். கதை நடப்பது ஜெர்மனியின் இங்கோல்ஸ்டாட் நகரத்தில், சட்டம் இங்கிலாந்தினுடையது. ஆகவே ‘விக்டர் இந்தச் சட்டத்தின்படி உடல்களைப் பெற்றான்’ என்று எழுதினால் அது தவறு. ‘நாவலின் முதல் வாசகர்கள் மனதில் இந்தச் சட்டம் இருந்தது’ என்று எழுதலாம், அதற்கும் ஆதாரம் காட்ட வேண்டும். இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் உள்ள வித்தியாசம் தெரிகிற மாணவர் பாதிக் கிணறு தாண்டிவிட்டார் என்றே சொல்வேன். வரலாற்றுத் துறைக்கு ஆதாரம் என்றால் ஒன்று, சட்டத்துக்கு வேறொன்று, இலக்கியத்துக்கு இன்னொன்று. ஒரு நாவல் வரிக்குச் சாட்சியாக ஒரு சட்டத்தைக் கொண்டுவந்து நிறுத்தினால், இரண்டுக்கும் நடுவே பாலம் என்ன என்று சொல்ல வேண்டியது உங்கள் பொறுப்பு. பல துறைகளைச் சேர்த்துப் படிப்பதில் உண்மையான சிரமம் இந்தப் பாலம் கட்டுவதில்தான் இருக்கிறது.

அதே பக்கத்திலிருந்து இன்னொரு வழியும் போகிறது. 1803-இல் லண்டனில் ஜியோவான்னி ஆல்தினி என்ற இத்தாலிய விஞ்ஞானி, தூக்கிலிடப்பட்ட ஒருவரின் உடலில் மின்சாரம் பாய்ச்சிக் காட்டினார். தாடை துடித்தது, ஒரு கண் திறந்தது என்று அந்தச் சோதனையைப் பற்றிப் பதிவாகியிருக்கிறது. நாவலிலும் கண்தான் முதலில் திறக்கிறது. இதைப் படித்ததும் மாணவர்கள் உற்சாகத்தில் ‘மேரி ஷெல்லி ஆல்தினியைப் பார்த்து எழுதினார்’ என்று முடித்துவிடுவார்கள். நில்லுங்கள். 1818 பதிப்பில் அந்தக் காட்சியில் மின்சாரம் என்ற பேச்சே இல்லை. ‘உயிர்ப் பொறி’ என்று ஒரு சொற்றொடர் இருக்கிறது, அதோடு சரி. ஆய்வகத்தில் மின்னல் இறங்குவதெல்லாம் பின்னால் வந்த சினிமாக்களின் வேலை. பிணத்துக்கு மின்சாரத்தால் உயிர் வரலாமோ என்ற பேச்சை மேரி ஷெல்லி வெளிப்படையாகக் குறிப்பிடுவது 1831 பதிப்புக்கு எழுதிய முன்னுரையில். ஆகவே உங்கள் கையில் இருப்பது எந்தப் பதிப்பு என்பதைப் பொறுத்து உங்கள் வாதமே மாறும். பதிப்பு வரலாறு என்பது நூலகத்தில் தூசி தட்டும் வேலை என்று நினைப்பவர்களுக்கு இந்த ஒரு உதாரணம் போதும்.

அந்த நாவலின் கைப்பிரதியே இணையத்தில் கிடைக்கிறது. ஷெல்லி-காட்வின் ஆவணக் காப்பகம் 2013-இல் அதை எல்லோரும் பார்க்கும்படி வைத்தது. மேரியின் கையெழுத்துக்கு நடுவே கணவர் பெர்சி ஷெல்லி செய்த திருத்தங்கள் தெரியும். எந்தச் சொல்லை யார் அடித்தார்கள், யார் எழுதினார்கள் என்று பிரித்துப் பார்க்கலாம். டிஜிட்டல் ஹியூமானிட்டிஸ் என்று சிலபஸில் பெரிதாகப் போட்டிருப்பார்களே, அதாவது இலக்கியம், வரலாறு போன்றவற்றைக் கணினியின் துணையோடு படிப்பது, அதன் மிகப் பயனுள்ள முகங்களில் இது ஒன்று. அந்தத் துறை நேற்று முளைத்ததும் இல்லை. ரொபெர்த்தோ பூஸா என்ற இத்தாலியப் பாதிரியார் இடைக்காலக் கிறிஸ்தவத் தத்துவவாதி தாமஸ் அக்வினாஸின் எழுத்துகளுக்குக் கணினி வழியாகச் சொல்லடைவு (எந்தச் சொல் எங்கெங்கே வருகிறது என்ற பட்டியல்) தயாரிக்க ஐபிஎம் நிறுவனத்தின் உதவியைப் பெற்றது 1949-இல்.

1815 ஏப்ரலில் இந்தோனேசியாவில் தம்போரா எரிமலை வெடித்தது, அதன் விளைவாக 1816-இல் ஐரோப்பாவில் கோடையே வரவில்லை, ஜெனீவா ஏரிக்கரையில் மழையில் அடைபட்டுக் கிடந்த நாட்களில்தான் மேரி ஷெல்லி தன் 18 வயதில் இந்தக் கதையைத் தொடங்கினார் என்பதையும் சூழலியல் பேப்பரில் சொல்லித் தருவார்கள். அழகான இணைப்பு. ஆனால் எரிமலைதான் காரணம் என்று அன்றைக்கு அந்த வீட்டில் இருந்த யாருக்கும் தெரியாது. ஆகவே நாவலில் வரும் மழையையும் பனியையும் வைத்து என்ன சொல்லலாம், எந்த இடத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பது நல்ல செமினார் கேள்வி. எனக்குப் பிடித்த கேள்வியும்கூட.

சரி, ஆங்கிலத் துறைக்கு இந்த வேலையெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. ஆங்கில இலக்கியம் பல்கலைக்கழகப் பாடமாக ஆனதே பழைய கதை கிடையாது. லண்டனில் யுனிவர்சிட்டி காலேஜ் 1828-இல் திறந்தபோதுதான் இங்கிலாந்தில் ஆங்கிலத்துக்கு ஒரு பேராசிரியர் வந்தார். ஆக்ஸ்ஃபோர்டில் ஆங்கிலத்துக்கான தனி ஹானர்ஸ் படிப்பு 1894-இல், கேம்பிரிட்ஜில் 1917-இல். அதற்கு முன்பு கிரேக்கமும் லத்தீனும்தான் இலக்கியம். இங்கிலாந்தில் இப்படித் தயங்கிக்கொண்டிருந்த காலத்திலேயே காலனி இந்தியாவில் ஆங்கில இலக்கியம் ஆட்சிக்கான கருவியாகப் பாடத்திட்டத்தில் ஏறிவிட்டது என்பதை கௌரி விஸ்வநாதன் 1989-இல் வந்த தன் ஆய்வு நூலில் விரிவாகக் காட்டினார். அதாவது இந்தப் பாடத்துக்குள் அரசியலும் கல்வி வரலாறும் ஆரம்பத்திலிருந்தே இருக்கின்றன. வெளியிலிருந்து யாரும் கொண்டுவந்து திணிக்கவில்லை.

க்ளோஸ் ரீடிங்குக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. 1920-களில் கேம்பிரிட்ஜில் ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ், கவிஞர் பெயரும் காலமும் இல்லாமல் கவிதைகளை மட்டும் மாணவர்களுக்குக் கொடுத்துக் கருத்து எழுதச் சொன்னார். புகழ்பெற்ற கவிஞர்களை மட்டம் தட்டியும் சாதாரணக் கவிதைகளைத் தூக்கிப் பிடித்தும் பலர் எழுதினார்கள். அந்தப் பதில்களை அலசி 1929-இல் நூலாக்கினார். பெயரைப் பார்த்து மரியாதை செய்யாமல் வரியைப் பார்த்துப் படிக்கும் பழக்கத்துக்கு அது வழி காட்டியது. ஆனால் பெயரையும் காலத்தையும் மறைத்துவிட்டால், அந்தக் கவிதையை யார் யாரிடம் எந்த அதிகாரத்தில் பேசினார்கள் என்ற கேள்வியும் மறைந்துவிடும். அதை மீண்டும் கேட்கத் தொடங்கியதில்தான் பிற துறைகள் உள்ளே வந்தன. 1964-இல் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ஹாகர்ட் தொடங்கிய பண்பாட்டு ஆய்வு மையம், பிறகு ஸ்டூவர்ட் ஹால் தலைமையில், பத்திரிகை, டிவி, இளைஞர்களின் உடை, இசை எல்லாவற்றையும் இலக்கியத்துக்குக் கொடுக்கும் கவனத்தோடு படித்தது. 1968-இல் நைரோபி யுனிவர்சிட்டி காலேஜில் கென்ய எழுத்தாளர் கூகி வா தியாங்கோ உட்பட மூன்று ஆசிரியர்கள் ஆங்கிலத் துறையையே எடுத்துவிட்டு ஆப்பிரிக்க இலக்கியத்தை மையத்தில் வையுங்கள் என்று எழுதிக் கொடுத்தார்கள். 1978-இல் பாலஸ்தீன-அமெரிக்க இலக்கிய அறிஞர் எட்வர்ட் சைத் கிழக்கைப் பற்றி மேற்கு எழுதியவற்றை மொத்தமாக விசாரணைக்கு எடுத்தார். இவற்றைப் பரீட்சைக்கு மனப்பாடம் செய்யும் ஆண்டுகளாகப் பார்க்காதீர்கள். ஒவ்வொன்றும் ‘எதைப் படிப்பது, யார் தீர்மானிப்பது’ என்ற சண்டை. உங்கள் சிலபஸ் அந்தச் சண்டைகளின் விளைவு.

தியரியைப் பற்றி, அதாவது நூல்களை எப்படிப் படிப்பது, எழுத்தும் சமூகமும் எப்படி இயங்குகின்றன என்று பேசும் கோட்பாடுகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மாணவர்கள் அதிகமாகத் திணறுவது அங்கேதான். ஃபூக்கோ, தெரிதா என்று பிரெஞ்சுச் சிந்தனையாளர்களின் பெயர்கள் வந்து விழும்போது பெரும்பாலானோர் நோட்ஸைத் தேடி ஓடுகிறார்கள். நோட்ஸில் ‘அதிகாரம் எங்கும் இருக்கிறது’ என்று ஒரு வரி கிடைக்கும். அந்த வரியை எந்த நாவலின் மேல் ஒட்டினாலும் ஒட்டிக்கொள்ளும், அதனால்தான் அது உபயோகமில்லை. நான் சொல்லும் வழி மெதுவானது: ஒரு தியரி கட்டுரையில் 10 பக்கம் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பத்திக்கும் ஓரத்தில் உங்கள் சொந்த வார்த்தையில் ஒரு வரி எழுதுங்கள், தமிழில் எழுதினாலும் பரவாயில்லை. பிறகு நீங்கள் ஏற்கெனவே நன்றாகப் படித்த நூலை அதன் எதிரே வைத்து, இந்தக் கருத்து எந்த இடத்தில் பொருந்தவில்லை என்று பாருங்கள். பொருந்தாத இடத்தில்தான் உங்கள் கட்டுரை இருக்கிறது.

அப்புறம் தினசரிப் படிப்பு. ஒரு செமஸ்டரில் நாவல் மட்டுமே ஐந்தாறு வரும், அதில் ஒன்றாவது 600 பக்கத்தைத் தாண்டும். எல்லாவற்றையும் ஒரே வேகத்தில் படிக்க முடியாது, படிக்கவும் வேண்டாம். முதல் முறை கதையின் ஓட்டத்துக்காக வேகமாகப் படியுங்கள், கண்ணில் பட்ட பக்கங்களுக்கு அடையாளம் மட்டும் வையுங்கள். இரண்டாவது முறை அந்தப் பக்கங்களுக்கு மட்டும் திரும்புங்கள். கதைச்சுருக்கத்தை நெட்டிலிருந்தோ ஏஐயிடமிருந்தோ எடுத்துப் படித்தால் கதை தெரியும், ஆனால் மேலே சொன்ன அந்த நான்கு சொற்களின் வரிசை எந்தச் சுருக்கத்திலும் இருக்காது. உங்களுக்கு மார்க் கிடைப்பதும், அதைவிட முக்கியமாக, யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்லும் சந்தோஷம் கிடைப்பதும் அப்படிப்பட்ட இடங்களிலிருந்துதான்.

‘என் ஆங்கிலம் அவ்வளவு சரளமில்லை’ என்றும் எழுதியிருந்தீர்கள். சரளமாகப் பேசுவதும் ஆழமாகப் படிப்பதும் ஒன்றில்லை. கடகடவென்று ஆங்கிலம் பேசும் மாணவர்கள் வேகமாகப் படித்துத் தாண்டிவிடும் வரியில், மெதுவாகப் படிக்கும் மாணவர் நின்றுவிடுவதை நான் அடிக்கடி பார்க்கிறேன். எழுத்து மட்டும் பயிற்சியால்தான் வரும். வாரத்துக்கு ஒரு பக்கமாவது எழுதி ஆசிரியரிடம் காட்டுங்கள், திருத்திக் கொடுத்ததைப் பார்த்துவிட்டு வைத்துவிடாமல் மறுபடி எழுதுங்கள். வேறொரு மொழியில் கதையும் கவிதையும் படித்து வளர்ந்திருப்பது இந்தப் படிப்பில் நிஜமான பலம். மொழிபெயர்ப்பு, ஒப்பிலக்கியம் (வெவ்வேறு மொழி இலக்கியங்களை ஒப்பிட்டுப் படிப்பது) என்ற இரண்டு கதவுகள் உங்களுக்கு ஏற்கெனவே திறந்திருக்கின்றன.

சேருவதற்கு முன் அந்தத் துறையிடம் சில விஷயங்களைக் கேட்டுவிடுங்கள். முதல் வருடத்தில் ஒரு நூலையாவது முழுதாக, வாரக்கணக்கில் படிக்க வைக்கிறார்களா? வெவ்வேறு துறை ஆசிரியர்கள் ஒரே பேப்பரைச் சேர்ந்து நடத்துகிறார்களா, இல்லை ஆளுக்கொரு பேப்பரைத் தனித்தனியாக நடத்திவிட்டு ‘இணைப்பதை நீங்களே செய்துகொள்ளுங்கள்’ என்று மாணவர் தலையில் கட்டிவிடுகிறார்களா? கடைசி வருட ஆய்வேட்டுக்கு இரண்டு துறைகளிலிருந்து கைடு கிடைப்பார்களா? இந்த மூன்றில் இரண்டாவது கேள்விக்கான பதில்தான் எனக்கு மிக முக்கியம். தனித்தனிப் பேப்பர்களை அடுக்கி வைத்துவிட்டுப் பல துறைப் படிப்பு என்று பெயர் வைக்கும் இடங்கள் இருக்கின்றன. அங்கே நீங்கள் பயப்படும் நுனிப்புல் ஆபத்து உண்மையாகவே இருக்கிறது. முடிந்தால் பழைய மாணவர்களின் ஆய்வேட்டுத் தலைப்புகளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். ‘இலக்கியத்தில் இயற்கை’ மாதிரித் தலைப்புகளாக இருந்தால் யோசியுங்கள். ஒரு நூல், ஒரு காலம், ஒரு கேள்வி என்று குறுகலாக இருந்தால் நம்பிச் சேரலாம்.

வேலையைப் பற்றி: இந்தப் பட்டத்தின் பெயரிலேயே ஒரு வேலை ஒட்டியிருக்காது. வீட்டில் அதை ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள். ஆசிரியப் பணி, பதிப்பகம், மொழிபெயர்ப்பு, பத்திரிகை, ஆவணக் காப்பகம், அருங்காட்சியகம், சட்டப் படிப்பு, நிறுவனங்களில் எழுத்து சம்பந்தமான பொறுப்புகள் என்று என் மாணவர்கள் பல பக்கம் போயிருக்கிறார்கள். முதல் வேலை கிடைக்கச் சிலருக்கு நாளாகும். மருத்துவத்தின் பக்கம்கூட வழி இருக்கிறது: கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ரீட்டா சாரன், மருத்துவராகவும் இலக்கிய ஆய்வாளராகவும் இருப்பவர், நோயாளி சொல்லும் கதையைக் கவனமாகக் கேட்கவும் படிக்கவும் மருத்துவர்களுக்குக் கற்றுத்தரும் ஒரு துறையையே உருவாக்கினார். அங்கே க்ளோஸ் ரீடிங் சொல்லித் தருகிறார்கள். படிக்கும் காலத்திலேயே கையில் ஒரு திறமையைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: மெய்ப்புத் திருத்துவது, எடிட்டிங், மொழிபெயர்ப்பு, தரவுகளைக் கையாள்வது, எதுவாக இருந்தாலும். இன்டர்வியூவில் பட்டத்தைவிட, நீங்கள் எழுதிய 5 பக்கத்தைக் காட்ட முடிந்தால் பேச்சு வேறு மாதிரிப் போகும்.

பிஎச்.டி. பற்றி இப்போதே முடிவு செய்ய வேண்டாம். பேராசிரியர் வேலை இடங்கள் எல்லா நாடுகளிலும் குறைவு, போட்டி கடுமை. உதவித்தொகை இல்லாமல் அதில் இறங்குவதை நான் யாருக்கும் சொல்வதில்லை. கடைசி வருட ஆய்வேட்டை எழுதிப் பாருங்கள். மாதக்கணக்கில் ஒரே நூலோடும் ஒரே கேள்வியோடும் இருந்த பிறகும் அதில் இன்னும் கேட்க வேண்டியது இருக்கிறது என்று தோன்றினால், அப்போது உங்கள் கைடிடம் போய்ப் பேசுங்கள்.